பொம்மையின் மூட்டு உடைந்ததா? பசையை மூடி வையுங்கள்

என் மேசைக்கு வரும் பொம்மைகளில் ஒரு முறை மட்டும் உடைந்தவை குறைவு. பெரும்பாலானவை உடைந்த அன்று இரவே வீட்டில் ஒட்டப்பட்டு, அந்த ஒட்டு வேலையாலேயே மறுபடி கெட்டவை. உடைவைச் சரிசெய்ய எனக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றால், ஒட்டியதைப் பிரித்தெடுக்க ஒரு நாள் போய்விடுகிறது. சில சமயம் பிரிக்கவே முடிவதில்லை. சேகரிப்பாளர்களின் பார்பி போன்ற ஃபேஷன் பொம்மைகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இந்தத் தொழிலில் எனக்கு ஒரு ஜென்ம விரோதி உண்டென்றால் அது சூப்பர் க்ளூதான்.

ஒரு முழங்காலைப் பற்றிச் சொல்கிறேன். 11½ அங்குல உயரப் பொம்மை. தொடையின் முனையில் இரண்டு காதுகள், அவற்றின் நடுவே கெண்டைக்காலின் நாக்கு, குறுக்கே மெல்லிய ஆணி. கதவுக் கீலைப் போன்ற அமைப்பு. ஒரு காது உடைந்துவிட்டது. உரிமையாளர் உடைந்த துண்டை அதன் இடத்தில் வைத்து ஒரே ஒரு சொட்டு விட்டிருக்கிறார். சூப்பர் க்ளூ தண்ணீர் போல நீர்த்தது. மயிரிழை இடுக்கைக் கண்டாலும் தானாக உள்ளே ஓடும். காதை ஒட்டிய கையோடு நாக்கையும் ஆணியையும் சேர்த்து ஒட்டிவிட்டது. மறுநாள் காலை மடக்கிப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் தொடையே பிளந்துவிட்டது. பிளவைச் சுற்றிலும் பனி படிந்தது போல ஒரு வெள்ளைப் பூச்சு வேறு. பசையின் ஆவி காற்றின் ஈரத்தில் இறுகிப் படிந்தால் அப்படித்தான் ஆகும்.

காய்ந்த சூப்பர் க்ளூவைக் கரைப்பது அசிட்டோன். அந்தத் தொடையோ ஏபிஎஸ் பிளாஸ்டிக். அசிட்டோன் அதையும் கரைக்கும். பசையைக் கரைக்கப் போனால் பொம்மையும் கூடவே கரையும். கடைசியில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துக் கத்தி முனையால் துளித்துளியாகச் சுரண்டினேன். இரண்டு மாலைகள் அதிலேயே போயின.

ஒரு பொம்மை ஒரே பிளாஸ்டிக்கால் ஆனது என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. பல பொம்மைகளில் தலை மிருதுவான பிவிசி வினைல்; உடற்பகுதி கடினமான ஏபிஎஸ்; கைகள் சிலவற்றில் ரப்பர் போல வளையும் ஈவிஏ; காலுக்குள் இருக்கும் எலும்புச் சட்டம் இன்னொரு வகை. ஏபிஎஸ் துண்டுகளை அதற்கான கரைப்பான் பசையால் உருக்கி ஒன்றாக்கிவிடலாம். ஒழுங்காகச் செய்தால் பழைய வலுவில் பெரும்பகுதி திரும்பும். பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் இரண்டும் நேர் எதிர். அவற்றின் மேல் எந்தச் சாதாரணப் பசையும் நிற்காது. இன்று ஒட்டியது போலத் தெரியும், நாளை நகத்தால் உரித்தால் தோலாக வந்துவிடும்.

எது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? உடைந்த ஒரு சிறு சில்லு கையில் இருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு ஏமாற்றாமல் இருக்க ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள். பாலிப்ரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் மிதக்கும். ஏபிஎஸ்ஸும் பிவிசியும் மூழ்கும். ஈவிஏவும் மிதக்கும் என்றாலும் அது ரப்பர் போல அமுங்குவதால் குழப்பம் வராது. அரை நிமிடச் சோதனை. இதைச் செய்யாமல் பசைக்குழாயின் மூடியைத் திறப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தச் சில்லைக் குப்பையில் பெருக்கித் தள்ளியவர்களைப் பார்த்தால் இன்னும் அதிகமாக.

காலை மாட்டும் இடுப்புக் குமிழ், கையை மாட்டும் தோள் சொருகி போன்ற எடை தாங்கும் இடங்கள் முறிந்தால் பசை மட்டும் போதாது, உள்ளே கம்பி வேண்டும். முறிந்த இரு முகங்களின் நடுவிலும் ஒரு மில்லிமீட்டர் துளை போடுகிறேன். கைவிரல்களால் சுழற்றும் சிறு டிரில்தான். மோட்டார் டிரில்லின் வேகத்தில் பிளாஸ்டிக் உருகித் துளை கோணலாகிவிடும். இரு துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைவதில்தான் வேலையின் பாதி இருக்கிறது. முதல் துளையில் சின்னக் கம்பித்துண்டைச் செருகி, அதன் நுனியில் துளி மை தொட்டு, மறுபாதியின் மேல் ஒற்றினால் இரண்டாவது துளைக்கான இடம் கிடைத்துவிடும். பிறகு கம்பி, இரண்டைக் கலந்து பூசும் எபாக்சி பசையில் மெதுவாக இறுகும் வகை, ஒரு முழு நாள் ஓய்வு. ஐந்து நிமிட எபாக்சி எனக்குப் பிடிக்காது. கோணத்தைத் திருத்த நேரம் கொடுக்காது.

கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். பித்தளை எளிதில் வளையும், எளிதில் கிடைக்கும் என்பதால் பலர் அதைத்தான் வைக்கிறார்கள். செம்பு கலந்த எந்த உலோகமும் வினைலுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பச்சையாகக் கசியும். பழைய பொம்மைகளின் காதைப் பார்த்தாலே இது விளங்கும். தோடு குத்தியிருந்த துளையைச் சுற்றிப் பாசி படர்ந்தது போலக் கறை. சேகரிப்பாளர்கள் பச்சைக் காது என்று சொல்வது இதைத்தான். காலுக்குள் உலோகக் கம்பி வைத்த சில பழைய பொம்மைகளில் முழங்காலும் இப்படிப் பச்சையாகும்.

பச்சைக் காதுக்குப் பருக்களுக்கான பென்சாயில் பெராக்சைடு களிம்பைத் தடவி வைப்பது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். வேலை செய்யும். ஆனால் அது கறையைத் தேடிப் பிடித்து வெளுப்பதில்லை, தொட்டதையெல்லாம் வெளுக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தலையில் களிம்பு பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலோரம் வைத்துவிட்டு வேறு வேலையில் மறந்துபோனேன். எடுத்துப் பார்த்தபோது பச்சை போயிருந்தது. கூடவே கன்னத்தின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் நிறமும் போயிருந்தது. அந்தத் தலையின் சொந்தக்காரரிடம் நான் பேசிய பேச்சு இன்னும் நினைவிருக்கிறது, பெரும்பாலும் மன்னிப்புதான். இப்போது குண்டூசித் தலையளவு மட்டும் வைக்கிறேன், தினமும் பார்க்கிறேன், முழுதாகப் போகும்வரை காத்திருப்பதில்லை. போன பச்சை சில மாதங்களில் உள்ளிருந்து எட்டிப்பார்ப்பதும் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கழுத்துக்கு வருவோம். தலையைக் கழற்றும்போதுதான் அதிகம் பேர் பொம்மையைக் கொல்கிறார்கள். புதிய பொம்மைகள் பலவற்றில் கழுத்தின் உச்சி நங்கூரம் போல இரு பக்கமும் விரிந்த கொக்கிகளோடு தலைக்குள் மாட்டியிருக்கும். குளிர்ந்த தலையைப் பிடித்து இழுத்தால் கொக்கி முறியும், அல்லது வினைல் கழுத்துத் துளையில் கீறல் விழும். பழைய பொம்மைகளின் கழுத்துக் கீறல் இப்படித்தான் பிறக்கிறது. விழுந்த கீறல் ஒவ்வொரு முறை தலையைக் கழற்றும்போதும் நீளும். தலையைச் சுடுநீரில் கழுத்துவரை சில நிமிடங்கள் வைத்து, வினைல் குழைந்த பிறகு, முதலில் ஒரு பக்கக் கொக்கியை நழுவவிட்டு அடுத்த பக்கத்தை எடுக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே கூடுதல் போதும், கொதிநீர் வேண்டாம். ஹேர் டிரையரும் உதவும்தான். ஆனால் பொம்மையின் செயற்கை முடி அந்தச் சூட்டில் சுருண்டு கருகல் நாராகிவிட்டால் அதற்கு வைத்தியம் கிடையாது.

மூட்டுகள் பெருகப் பெருக என் வேலையும் பெருகியிருக்கிறது. 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமான முதல் பார்பிக்கு முழங்காலே மடங்காது. கழுத்து, தோள், இடுப்பு, அவ்வளவுதான். 1965இல் கிளிக் என்ற ஒலியோடு மடங்கும் கால் வந்தது, 1967இல் திரும்பும் இடை வந்தது. 2015இல் வந்த வரிசைக்கு 22 மூட்டுகள் என்று விளம்பரம் செய்தார்கள். என் கணக்கில் அவை உடையக்கூடிய 22 இடங்கள். 1965 வகைக் கால்களில் கிளிக் ஒலி நின்றுபோனால் பலரும் முழங்காலின் பின்புற வினைலைக் கீறி உள்ளே பார்க்க ஆசைப்படுகிறார்கள். கீறாதீர்கள். இயங்காத கால் ஒரு குறை; கீறிய கால் இரண்டு குறை. அந்தக் காலை நீட்டியே வைத்திருங்கள் என்று சொல்லி நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மாற்று உறுப்பு தேடுபவர்கள் முதுகில் உள்ள ஆண்டைப் பார்த்து ஏமாறுவது இன்னொரு வழக்கம். பல பார்பிகளின் முதுகில் 1966 என்று இருக்கும். அது அந்த உடல் வடிவத்துக்கான உரிமை ஆண்டு. பொம்மை தயாரான ஆண்டு அல்ல. தொண்ணூறுகளில் தயாரானவற்றிலும் அதே எண் இருக்கும். ஆண்டை நம்பிக் கால் வாங்கினால் நிறமும் பொருந்தாது, குமிழின் அளவும் பொருந்தாது.

தளர்ந்த மூட்டுகள் உடைந்தவற்றைவிட எளியவை. குமிழ் தேய்ந்து கை தொங்கினால், குழாய் வேலைக்குப் பயன்படும் வெள்ளை டெஃப்ளான் டேப்பை ஓரிரு சுற்று சுற்றி மாட்டிப் பாருங்கள். போதாவிட்டால் குமிழின் மேல் மரவேலைக்கான வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டலாம். இரண்டையும் வேண்டாதபோது எடுத்துவிடலாம் என்பதுதான் அவற்றின் அழகு. நெயில் பாலிஷ் பூசச் சொல்பவர்கள் உண்டு. அதிலுள்ள கரைப்பான் ஏபிஎஸ்ஸை இளக்கிவிடும். உள்ளே எலாஸ்டிக் கயிறு கோத்துக் கைகால்களைப் பிடித்துவைத்த பொம்மைகளில் அந்தக் கயிறு ஆண்டுகள் ஆக உயிர்விட்டுப்போகும், மாற்ற வேண்டியதுதான். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால் மூட்டின் விளிம்புகள் அரைபடும். உயர்த்திய கை உயர்ந்தபடியே நிற்க வேண்டும், இழுத்துவிட்ட தலை டக்கென்று அறையக் கூடாது. எனக்கு இதுதான் அளவுகோல்.

கால் பிசுபிசுக்கிறது என்று கொண்டுவருபவர்கள் அதை அழுக்கு என்று எண்ணித் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பைத் தொலைத்திருப்பார்கள். வினைலை வளையும்படி வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்மானம் உள்ளிருந்து மேலே கசிவதே அந்தப் பிசுபிசுப்பு. மிதமான சோப்பு நீரில் கழுவித் துடைத்து, மிக மெல்லிய பவுடர் பூச்சு கொடுத்தால் சில காலம் தாங்கும். பிறகு மறுபடி வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் அடைப்பதும், வெப்பமான அலமாரியில் வைப்பதும் கேட்டை விரைவுபடுத்தும். அந்தச் சேர்மானம் பக்கத்தில் இருக்கும் கடினப் பிளாஸ்டிக்கையும் இளக்கும் என்பதால், வினைல் கால் பாலிஸ்டைரீன் பெட்டியில் நேரடியாகப் படும்படி வைக்கக் கூடாது. மணிக்கட்டில் போட்டிருக்கும் ரப்பர் பேண்டுகளை இன்றே கத்தரித்து எடுத்துவிடுங்கள்; அவை உருகிப் பதித்த பழுப்பு வளையத்தை என்னால் மங்கச் செய்ய முடியும், அழிக்க முடியாது.

பழுதுபார்த்த பொம்மையை விற்பவர்களுக்கு ஒன்று. கம்பி வைத்தது, கால் மாற்றியது, காது வெளுத்தது எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். நான் ஒவ்வொரு பொம்மையோடும் ஒரு சிறு குறிப்பும், கழற்றிய பழைய உறுப்புகள் அடங்கிய உறையும் அனுப்புகிறேன். விற்கும்போது அந்த உறை எப்படியோ காணாமல்போய்விடுகிறது என்று கேள்விப்படுகிறேன். காணாமல்போவது உறை மட்டும்தானா என்று கேட்பதில்லை.

சென்ற மாதம் ஒரு பெரியவர் வந்தார். தன் மறைந்த மனைவியின் பொம்மை, இடது தோள் சொருகி முறிந்துவிட்டது என்றார். பசை ஏதாவது போட்டீர்களா என்று வழக்கம்போலக் கேட்டேன். இல்லை என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சின் மேல் முறிந்த சொருகியும், அதிலிருந்து உதிர்ந்த அரிசி நுனியளவு சில்லு ஒன்றும் இருந்தன. தரையில் தவழ்ந்து தேடியதாகச் சொன்னார். சில்லு தன் இடத்தில் உட்கார்ந்தபோது விளிம்பு எங்கே என்று உருப்பெருக்கியில்கூடத் தெரியவில்லை. மறுநாள் மாலை வந்து வாங்கிக்கொண்டு போனார். தீப்பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.