பெட்டி மேல் உள்ள வோல்ட்டும் சுவரில் இறங்கும் துளையும்

வீட்டு உபயோகத்துக்கு ஒரு கார்ட்லெஸ் டிரில் வாங்கலாம் என்று இணையக் கடைகளில் தேடுபவரின் கண்ணில் முதலில் படுவது வோல்ட் எண்தான். ஏறத்தாழ ஒரே அளவிலான கருவிகள் 12, 18, 20, 21, 48, 88 என்று வெவ்வேறு எண்களைத் தாங்கி வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் 88 என்று அச்சிட்ட கருவி, பெயர்பெற்ற நிறுவனத்தின் 18 வோல்ட் கருவியைவிட மலிவாகவும் கிடைக்கிறது. எண் பெரிதாக இருந்தால் வலுவும் கூடுதலாக இருக்கும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் ஒரு டிரில்லின் வலுவை நிர்ணயிப்பவை வேறு இரண்டு: பேட்டரி எவ்வளவு மின்னோட்டத்தைத் தளராமல் தருகிறது என்பதும், அந்த ஆற்றலைக் கருவி எந்த வகை அடியாக மாற்றுகிறது என்பதும்.

இன்றைய கம்பியில்லாக் கருவிகளின் பேட்டரிக்குள் இருப்பவை லித்தியம்-அயனிக் கலங்கள். பெரும்பாலானவை 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைகள். அந்த அளவை வைத்தே அவற்றுக்கு 18650 என்று பெயர். ஒரு கலம் முழுதாகச் சார்ஜ் ஆனவுடன் 4.2 வோல்ட் காட்டும். வேலை தொடங்கியதும் சற்று இறங்கி, நெடுநேரம் 3.6 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் சராசரி மின்னழுத்தம் 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21 வோல்ட். ஆகவே 18, 20, 21 ஆகிய மூன்றும் ஒரே ஐந்து கலங்களைக் குறிக்கும் மூன்று எண்களே. ஒரு நிறுவனம் சராசரியை அச்சிடுகிறது, இன்னொன்று உச்சத்தை அச்சிடுகிறது. மூன்று கலங்கள் கொண்ட சிறிய பேட்டரியும் அப்படித்தான் 10.8 என்றும் 12 என்றும் விற்கப்படுகிறது.

48, 88 போன்ற எண்களின் கதை வேறு. உண்மையாகவே சராசரியாக 88 வோல்ட் தரவேண்டுமானால் குறைந்தது 25 கலங்கள் தொடராக இருக்க வேண்டும். ஒரு கலம் சுமார் 45 கிராம் என்பதால் கலங்களின் எடை மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். உள்ளங்கையில் அடங்கும் பேட்டரியில் அவ்வளவு கலங்களுக்கு இடமே இல்லை. அத்தகைய பேட்டரிகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து கலங்களோ, சில நேரம் அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் ‘விஎஃப்’ (VF) என்று சேர்த்திருந்தால் அதை மின்னழுத்தமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. வாங்குபவரின் அறியாமையை நம்பி நடக்கும் இந்த வியாபாரம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனெனில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் முதல்முறையாகக் கருவி வாங்குகிறவர்கள்.

அடுத்த எண் ஆம்பியர்-மணி. மின்னழுத்தத்தையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் பேட்டரியில் அடங்கியுள்ள ஆற்றல் வாட்-மணியில் கிடைக்கும்: 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி, 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. செங்கல் சுவரில் ஒரு துளை போட டிரில் 300 வாட் வீதம் பத்து நொடி இழுக்கிறது என்று கொண்டால், ஒரு துளைக்கு ஒரு வாட்-மணிகூடச் செலவாகாது. சிறிய பேட்டரியே நாற்பது துளைகளுக்குப் போதும். அதே பேட்டரியை, தட்டைச் சுழற்றி அறுக்கவும் தேய்க்கவும் உதவும் 600 வாட் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டினால் நான்கு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். எந்த வேலைக்கு எந்த பேட்டரி என்ற கேள்விக்கு இந்தச் சிறு கணக்கே பெரும்பாலும் விடை தந்துவிடுகிறது.

பெரிய பேட்டரி நீண்ட நேரம் உழைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே கருவியை அது வலுவாகவும் ஆக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு சிறிய மின்தடை உண்டு. அதை 20 மில்லிஓம் என்று கொண்டால், தொடராக இணைந்த ஐந்து கலங்களின் மொத்தத் தடை 0.1 ஓம். டிரில் திணறும் தருணத்தில் மோட்டார் 30 ஆம்பியர் இழுக்கும்போது 3 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே இழப்பாகிறது. மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 15 வோல்ட்தான், மீதி 90 வாட் வெப்பமாகக் கலங்களைச் சுடுகிறது. பத்துக் கலங்களை இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் வைத்த பேட்டரியில் தடை பாதியாகிறது, இழப்பு 1.5 வோல்ட், ஒவ்வொரு கலத்திலும் பிறக்கும் வெப்பமோ நான்கில் ஒரு பங்கு. ஆகவே மோட்டாரை மாற்றாமலேயே கருவி கூடுதலாக இழுக்கிறது, பேட்டரியும் நீண்ட காலம் பிழைக்கிறது. பெட்டியில் 6 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டு, பேட்டரியைத் தராசில் வைத்தால் 350 கிராம்தான் வருகிறது என்றால், பத்துக் கலங்கள் மட்டுமே 450 கிராம் இருக்கும் என்பதால், உள்ளே ஐந்து கலங்களுக்கு மேல் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய இந்தச் சோதனையைவிட நம்பகமான விளம்பரம் எதுவும் இல்லை.

கம்பியில்லா டிரில் நெடுங்காலம் எளிய வேலைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்ததற்கும் கலமே காரணம். பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961-இல் முதல் கம்பியில்லா டிரில்லை வெளியிட்டபோது இருந்தது நிக்கல்-காட்மியம் கலம். 1978-இல் மகிட்டா கொண்டுவந்த 7.2 வோல்ட் டிரில்லிலும் அதுதான். அந்தக் கலம் தருவது 1.2 வோல்ட் என்பதால் 18 வோல்ட்டுக்குப் பதினைந்து கலங்களைச் சுமக்க வேண்டியிருந்தது. 2005-இல் மில்வாக்கி நிறுவனத்தின் 28 வோல்ட் கருவிகளோடு லித்தியம்-அயனி இந்தத் துறையில் வேரூன்றிய பிறகுதான், சுவரை உடைக்கும் கருவிகள்கூட மின்கம்பியிலிருந்து விடுபடத் தொடங்கின.

மோட்டாரைப் பொறுத்தவரை பெட்டியில் ‘பிரஷ்லெஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வகை மோட்டாரில் கம்பிச்சுருள் சுழலும்; அதற்கு மின்சாரம் தர இரண்டு கார்பன் துண்டுகள் அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும். காற்றுத்துளைகள் வழியே தெரியும் நீலப்பொறி அந்த உரசலில் பிறப்பதே. உரசலில் ஆற்றல் வீணாகிறது, கார்பனும் தேய்கிறது. பிரஷ்லெஸ் மோட்டாரில் சுழல்வது நிலைக்காந்தம். சுருள்கள் அசையாமல் சுற்றிலும் இருக்கின்றன. காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று உணர்ந்து, எந்தச் சுருளுக்கு எப்போது மின்னோட்டம் தருவது என்று ஒரு மின்னணுச் சுற்று தீர்மானிக்கிறது. சுருள்கள் வெளிப்பக்கத்தில் இருப்பதால் வெப்பமும் எளிதில் வெளியேறுகிறது. மாதம் நான்கு ஸ்க்ரூ முடுக்குகிற வீட்டுக்குப் பிரஷ் மோட்டாரே போதும் என்பது என் கருத்து. ஆனால் கிரைண்டரும், கான்கிரீட்டைத் துளைக்கும் ரோட்டரி ஹேமரும் பேட்டரியில் வாங்குவதாக இருந்தால் பிரஷ்லெஸ் தவிர வேறெதற்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

இனி சுவருக்கு வருவோம். நம் ஊர் வீடுகளில் டிரில் வாங்குபவர்களின் பெரும் ஏமாற்றம் நிகழ்வது ஜன்னலுக்கு மேலேதான். ஹாலில் படம் மாட்டத் துளை போட்டபோது நன்றாக இறங்கிய அதே டிரில், திரைச்சீலைக் கம்பிக்குத் துளை போடும்போது ஒரு விரற்கடை இறங்கி நின்றுவிடும். பிட், அதாவது டிரில்லில் மாட்டும் துளையிடும் கம்பி, பழுக்கக் காய்ந்து முனை மழுங்கும். கருவி பழுதாகவில்லை. ஜன்னலுக்கு மேலே பூச்சுக்குப் பின்னால் இருப்பது செங்கல் அல்ல, லின்டல் எனப்படும் கான்கிரீட் விட்டம். துளையிலிருந்து உதிரும் தூளைக் கவனித்தால் இது தெரிந்துவிடும்: முதலில் மணலும் சிமென்ட்டும் கலந்த பூச்சுத்தூள் வரும், பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல், சாம்பல் நிற மென்தூள் வந்து வேகமும் அடங்கினால் கான்கிரீட். துணி உலர்த்தும் கொடிக்காக மேல்தளத்தில் துளை போடுபவரும், மூலையில் பில்லர்மேல் அலமாரி மாட்டுபவரும் இதே கான்கிரீட்டைத்தான் சந்திக்கிறார்கள்.

இம்பாக்ட் டிரில் அல்லது ஹேமர் டிரில் என்று பரவலாக விற்கப்படும் கருவிக்குள் பல்லுள்ள இரண்டு உலோகத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசிச் சுழல்கின்றன. பல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பிட் ஒரு நூலளவு முன்னும் பின்னும் ஆடுகிறது. சுழற்சிக்கு 20 பல் என்றால், 1,500 சுற்றில் நிமிடத்துக்கு 30,000 ஆட்டம். எண்ணிக்கை மிகப் பெரிது, ஒவ்வொரு அடியும் மிகச் சிறிது. அந்த அடியின் வலுவும் நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செங்கலுக்கு இது போதும். கான்கிரீட்டில் ஜல்லி எதிர்ப்பட்டால் அதைப் பிளக்கும் ஆற்றல் அந்தச் சிற்றடிகளுக்கு இல்லை. பிட் ஜல்லியின் மேல் உரசிச் சூடாகிறது, அவ்வளவே.

ரோட்டரி ஹேமர் வேறு வழியில் இயங்குகிறது. அதனுள் மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. பிஸ்டனுக்கும் அதன் முன்னால் தனியே நிற்கும் இரும்புச் சுத்தியலுக்கும் இடையில் அடைபட்ட காற்று அழுந்தி, விரிந்து, சுத்தியலை முன்னே எறிகிறது. அடிகள் நிமிடத்துக்கு நாலைந்தாயிரம்தான்; ஆனால் ஒவ்வொன்றும் 1 முதல் 3 ஜூல் ஆற்றலோடு பிட்டின் முதுகில் விழுகிறது. பிட்டும் இங்கே சாதாரண டிரில்லைப் போலச் சக் என்னும் பிடிப்பானில் இறுக்கப்படுவதில்லை. எஸ்டிஎஸ் என்ற பள்ளமிட்ட தண்டுடன் தளர்வாக நுழைந்து, அடியை வாங்கிக்கொண்டு முன்னே நகர இடம் வைத்திருக்கிறது. அடியைத் தருவது காற்று என்பதால் கை அழுத்தத் தேவையில்லை, பிடித்திருந்தாலே போதும். ஹேமர் டிரில்லோடு ஐந்து நிமிடம் போராடிய லின்டலில் இந்தக் கருவி சில நொடிகளில் இறங்குவதை ஒருமுறை பார்த்தவர், வலு என்பது வோல்ட்டில் இல்லை என்பதை உடனே ஏற்றுக்கொள்வார். உள்ளே இரும்புக் கம்பி எதிர்ப்பட்டால் மட்டும் துளையைச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும். கம்பியைக் குடைந்து போகக் கூடாது.

மூன்றாவது வகை இம்பாக்ட் டிரைவர். பெயர் ஒத்திருப்பதால் சுவருக்கு என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. இது ஸ்க்ரூவுக்கும் போல்ட்டுக்குமான கருவி. இதில் அடி முன்நோக்கி விழுவதில்லை, சுழலும் திசையில் விழுகிறது. ஸ்க்ரூ இறுகித் தடை கூடியதும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் சுருங்கி, சுத்தியல் வழுக்கி, மறுபடி பாய்ந்து தண்டைப் பக்கவாட்டில் அடிக்கிறது. இதனால் 150 நியூட்டன்-மீட்டருக்கு மேற்பட்ட முறுக்கு விசை கிடைத்தும் மணிக்கட்டு திருகிக்கொள்வதில்லை. மரவேலை விருப்பமுள்ளவருக்கு இது அருமையான துணை. சுவரில் ஸ்க்ரூவைப் பிடித்து நிறுத்தும் ரால் பிளக் வைக்கத் துளை போட உதவாது.

எல்லாச் சுவருக்கும் அடி தேவை என்பதும் இல்லை. குளியலறை டைல்ஸில் துளை போடும்போது ஹேமர் இயக்கத்தை நிறுத்திவிட்டு, மெதுவான வேகத்தில் டைல்ஸைக் கடந்த பிறகே ஹேமரைப் போட வேண்டும். இல்லையென்றால் பளபளப்பான மேற்பரப்பில் விரிசல் ஓடும். காற்றுக்குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட்டாலான ஏஏசி பிளாக் சுவரில் ஹேமர் போட்டால் துளை அகன்று பிளக் நிற்காது. அங்கே வெறும் சுழற்சியே சரி.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், செங்கலும் கான்கிரீட்டுமாகக் கட்டிய வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு கருவிகள். ஒன்று, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 12 அல்லது 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில்: கட்டிலைப் பிரித்துப் பூட்ட, கீல் மாற்ற, மரத்திலும் தகரத்திலும் துளை போட. மற்றது, சாதாரண 230 வோல்ட் பிளக்கில் இயங்கும் சிறிய ரோட்டரி ஹேமர். ஆண்டில் சில நாள்களே கான்கிரீட்டில் துளை போடும் வீட்டில், அதற்காகப் பெரிய பேட்டரி வாங்கி, அது அலமாரியிலேயே முதுமையடைவதைப் பார்ப்பதில் பொருளில்லை; கம்பியுள்ள கருவி பத்து ஆண்டு கழித்து எடுத்தாலும் அதே வலுவோடு ஓடும். மொட்டை மாடி, தோட்டம், பிளக் எட்டாத புதுவீடு என்று வேலை அடிக்கடி இருப்பவர் மட்டும் 18 வோல்ட் வரிசையில் பேட்டரி ரோட்டரி ஹேமரை நாடலாம். அப்போது முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது பேட்டரியைத்தான், ஏனெனில் ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றின் கருவியில் பொதுவாகப் பொருந்தாது. பாஷ் நிறுவனத்தின் 18 வோல்ட் கருவிகளில் பச்சை நிற வீட்டு வரிசையும் நீல நிறத் தொழில் வரிசையும்கூட ஒன்றின் பேட்டரியை மற்றொன்று ஏற்காது. மாற்றுப் பேட்டரி தனியாக உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவருவதாக இருந்தால் சார்ஜரின் அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கு விற்கும் பல சார்ஜர்கள் 120 வோல்ட்டுக்கு மட்டுமானவை, நம் வீட்டுப் பிளக்கில் செருகினால் எரிந்துவிடும்.

கிரைண்டரைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 11,000 முறை சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. மார்பிள் கட்டரிலும் கிரைண்டரிலும் மரம் அறுக்கும் பல்தட்டை மாட்டி, காப்புத் தகட்டைக் கழற்றி வேலை செய்யும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. பல் மரத்தில் சிக்கிய கணத்தில் கருவி கையைவிட்டு உடலை நோக்கித் திரும்பும். அந்த வேகத்தில் கையை இழுத்துக்கொள்ள எவருக்கும் நேரம் கிடைப்பதில்லை. மரம் அறுக்க வட்ட ரம்பம் தனியாக இருக்கிறது. அதை வாங்க முடியாவிட்டால் தச்சரிடமே அறுத்து வாங்குவது மேல்.

பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் முதலிடம் வெப்பத்துக்கு. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது லித்தியம் கலத்துக்குக் கெடுதி. நல்ல சார்ஜர்கள் சூடான பேட்டரியை ஏற்காமல் விளக்கைச் சிமிட்டிக் காத்திருப்பது இதனால்தான். சித்திரை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் டிக்கியிலோ காரிலோ பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் கருவியிலிருந்து கழற்றி, வீட்டின் குளிர்ந்த பகுதியில் வையுங்கள். உப்பிய பேட்டரியைச் சார்ஜரில் போடவும் வேண்டாம், குப்பைத்தொட்டியில் வீசவும் வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்பதால், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம்.