வெள்ளைக் கொக்கை வெளுக்காமல் எடுப்பது எப்படி?

வெயிலில் நிற்கும் ஒரே கொக்கு, ஒரே கேமராவில், இரண்டு விதமாகக் கெடும். படச் சட்டம் முழுக்க நிறையும்படி எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும். தூரத்தில், கருவேல மரத்தின் இருண்ட இலைகளுக்கு முன்னால் சின்னதாக நின்றால் வெறும் வெள்ளைத் திட்டாக வரும். இறகு என்று சொல்ல ஒரு கோடுகூட மிஞ்சாது. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று எடுப்பவர்களுக்கு இந்த இரண்டும் பழக்கமான ஏமாற்றங்கள்.

காரணம் ஒன்றுதான். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டருக்குக் கொக்கும் தெரியாது, நீர்க்காகமும் தெரியாது. எதிரில் இருப்பதெல்லாம் சராசரியாக 18 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும் நடுச்சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பது. 18-ஐ இரண்டு முறை இரட்டித்தால் 72. நல்ல வெள்ளை அதற்கும் சற்று மேலே இருக்கும். ஆகவே சட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் குறைத்துவிடும். சட்டத்தில் பெரும்பகுதி இருட்டாக இருந்தால், அந்த இருட்டைச் சாம்பலாக்க ஒளியைக் கூட்டும். நடுவில் நிற்கும் கொக்கு பலியாகும்.

எனவே “வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எடுக்கும் ஒளியை, கூட்டு” என்ற பாடம் பாதி உண்மைதான். கொக்கு சட்டத்தை நிறைத்தால் கேமராவின் திருத்தச் சக்கரத்தில் +1 முதல் +1.7 ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். இருண்ட பின்னணியில் சின்னதாக நின்றால் −1 அல்லது அதற்கும் கீழே இறக்க வேண்டும். வெளிறிய வானத்தில் பறக்கும் கூழைக்கடாவுக்கு மறுபடியும் +1.5 அல்லது +2 தேவைப்படும், இல்லையென்றால் நிழலுருவம்தான் கிடைக்கும். பறவை மரத்திலிருந்து கிளம்பி வானத்தைக் கடந்து தண்ணீரில் இறங்கும் அந்தச் சில நொடியில் இத்தனை முறை சக்கரத்தைத் திருப்ப யாராலும் முடியாது.

ஒளி மாறாத காலையில், அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் முறைதான் சரியான வழி. பின்னணி எப்படி மாறினாலும் பறவையின் மேல் விழும் வெயில் அதேதான். நல்ல வெயிலுக்கு ஒரு பழைய விதி உண்டு: அபெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 16 என்றால், ஷட்டர் (ஒளி விழும் நேரம்) நொடியில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) எண்ணில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ 400-க்கு எஃப் 16-இல் 1/400; துளையை இரண்டு ஸ்டாப் திறந்த எஃப் 8-இல் இது 1/1600 ஆகும். வெள்ளை இறகுக்கு இன்னும் ஒரு ஸ்டாப் குறைத்து 1/3200-இல் தொடங்கலாம். இது சூரியன் மேலேறிய பிறகுதான் பொருந்தும். உதயத்தை ஒட்டிய வேளையில் ஒன்றிரண்டு ஸ்டாப் கூடுதலாகவே தேவை. மேகம் வந்து வந்து போகும் நாளில் மேனுவல் தொல்லைதான். அன்றைக்கு, கேமராவே ஐஎஸ்ஓவை மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவுடன் திருத்தச் சக்கரத்தையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

எடுத்தது சரியா என்பதை கேமராத் திரையின் வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெயிலில் எந்தத் திரையும் மங்கலாகத்தான் தெரியும், அதை நம்பி ஒளியைக் கூட்டினால் இறகு போய்விடும். இடது ஓரத்தில் இருட்டும் வலது ஓரத்தில் வெளிச்சமுமாகப் படத்தின் ஒளியைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு: கொக்கு சட்டத்தில் நூற்றில் ஒரு பங்குதான் என்றால், வலது ஓரத்தில் எழும் மேடு கண்ணுக்கே படாது. அங்கே வெளுத்த இடங்கள் கறுப்பாக மினுக்கும் எச்சரிக்கைதான் கைகொடுக்கும். சென்சார் தந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுத்தாலும், பெரும்பாலான கேமராக்களில் ஹிஸ்டோகிராமும் எச்சரிக்கையும் கேமரா மெருகேற்றிய ஜேபெக் முன்னோட்டத்திலிருந்தே கணக்கிடப்படுகின்றன. பளிச்சென்ற பட பாணி வைத்திருந்தால் உண்மையில் தப்பிய இடமும் வெளுத்ததாகக் காட்டும். மிகைப்படுத்தாத நியூட்ரல் பாணிக்கு மாற்றிவிட்டால் எச்சரிக்கை உண்மைக்கு நெருங்கி வரும். அப்போது கொக்கின் தோளில் ஓரிரு புள்ளி மினுக்கினால் பரவாயில்லை. கழுத்து முழுக்க மினுக்கினால் உடனே குறையுங்கள்.

வெண்மார்பு மீன்கொத்தியில் வேறொரு பொறி இருக்கிறது. பொதுவான பிரகாச ஹிஸ்டோகிராம் மூன்று நிறங்களையும் சமமாக எடைபோடுவதில்லை. வழக்கமான கணக்கில் பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 சதவீதம். மாலை வெயிலில் அதன் சிவந்த அலகில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்தாலும் மொத்த வரைபடம் ஒழுங்காகவே இருக்கும். கணினியில் பார்க்கும்போது அலகு பிளாஸ்டிக் போலத் தட்டையாக நிற்கும். சிவப்பு, பச்சை, நீலம் (ஆர்ஜிபி) மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தை இயக்கி வையுங்கள்.

ஒளியைக் குறைத்து எடுத்துப் பிறகு கணினியில் தூக்கிவிடலாம் என்பதற்கும் விலை உண்டு. அப்படித் தூக்கினால் இருண்ட பகுதியில் தெரியும் புள்ளிகளுக்கு (நாய்ஸ்) முக்கியக் காரணம் ஐஎஸ்ஓ எண் அல்ல, ஒளி போதாமைதான். ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது 1 சதவீதம். 400 மட்டுமே விழுந்தால் அது 20, அதாவது 5 சதவீதம். நீர்க்காகத்தின் கறுப்பு இறகில் முதலில் புள்ளி தெரிவது இதனால்தான்.

ஃபோகஸுக்கு வருவோம். லென்ஸின் இரு பாதிகள் வழியாக வரும் ஒளியைத் தனித்தனியாகப் பதிந்து, இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கேமரா ஒப்பிடுகிறது. விலகலின் திசை முன்னா பின்னா என்றும், அளவு எவ்வளவு திருப்ப வேண்டும் என்றும் சொல்லும். ஒப்பிட ஏதாவது கோடோ விளிம்போ வேண்டும். கொக்கின் மார்பு வெற்று வெள்ளை. அங்கே ஃபோகஸ் புள்ளியை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். கண்ணிலோ, கழுத்தின் விளிம்பிலோ வையுங்கள். கண்ணைத் தானே தேடும் வசதி திறந்த வெளியில் அருமையாக வேலை செய்யும். ஆனால் முன்னால் ஒரு குச்சி குறுக்கிட்டால் அதையே பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். கிளைகளுக்கு நடுவே சிறிய ஒற்றைப் புள்ளிதான் நம்பகமானது.

கூர்மை எவ்வளவு ஆழத்துக்கு நிற்கும்? ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுக்குச் சென்சார் உள்ள) கேமராவில் 500 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, பறவை 10 மீட்டரில் என்றால் ஏறக்குறைய 13 செ.மீ. 5 மீட்டரில் 3 செ.மீ.தான். கூழைக்கடாவின் அலகு சுமார் ஓர் அடி நீளம். அது நேராக நம்மைப் பார்த்தால் 10 மீட்டரிலும் கண் கூர்மையாகவும் அலகு நுனி கரைந்தும்தான் இருக்கும். அது ஃபோகஸ் பிழை அல்ல. எஃப் 11-க்குப் போனால் ஆழம் இரட்டிக்கும், ஒளி நாலில் ஒன்றாகும். பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருப்பது இதைவிட மேல்.

மங்கிய படம் ஏன் மங்கியது என்பதைப் படமே சொல்லும். கண்ணை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். பறவை மங்கி, அது நிற்கும் கிளையின் முன்பக்கமோ பின்னால் இருக்கும் புல்லோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியது. எல்லாமே ஒரே திசையில் இரட்டைக் கோடாக இழுபட்டிருந்தால் கை ஆடியது. கிளை தெளிவாகவும் பறவை மட்டும் கலங்கியும் இருந்தால் பறவை அசைந்தது. இதில் கணக்கு கடுமையானது: 20 மீட்டர் தூரத்தில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் கொக்கின் பிம்பம், 500 மி.மீ. லென்ஸில் 1/1000 நொடிக்குள், படம் பதியும் சென்சார்மேல் கால் மி.மீ. நகரும். 45 மெகாபிக்சல் கேமராவில் அது ஐம்பது பிக்சலுக்கு மேல். 1/3200-இல்கூடப் பதினெட்டு பிக்சல். அதனால்தான் ஷட்டரை மட்டும் நம்பாமல் பறவையோடு சேர்ந்து லென்ஸையும் சீராகத் திருப்ப வேண்டும்.

நான்காவது வகை பலரை லென்ஸ் மாற்றும் செலவுவரை இழுத்துச் செல்கிறது. அசையாமல் நிற்கும் பறவையைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்தால் ஒன்று தெளிவு, அடுத்தது கலங்கல், விளிம்புகள் நெளிந்து, படத்தில் எங்குமே கூர்மை இல்லை என்றால் அது கானல். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி தாறுமாறாக வளைகிறது. ஏரிக்கரையில் வெயில் ஏறியபின் தூரத்துப் பறவைகளுக்கு எந்த விலையுயர்ந்த லென்ஸும் உதவாது. அருகில் இருப்பதை எடுங்கள், அல்லது விடியலில் வாருங்கள். காரின் ஏசியிலிருந்து லென்ஸை வெளியே எடுத்ததும் வரும் மங்கல் வேறு: கண்ணாடியில் ஈரம் படிகிறது. லென்ஸ் வெளி வெப்பத்துக்கு வரும்வரை பையை மூடியே வைத்திருங்கள்.

பத்துப் படமும் ஒரே பக்கமாக, எப்போதும் முன்னாலோ எப்போதும் பின்னாலோ தவறினால் மட்டும் லென்ஸைச் சந்தேகிக்கலாம். உள்ளே கண்ணாடியும் தனி ஃபோகஸ் சென்சாரும் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவில் இது நடக்கும். முக்காலியில் கேமராவை வைத்து, குவியத்தூரத்தைப்போல் 25 மடங்கு தூரத்தில் (500 மி.மீ.க்கு 12.5 மீட்டர்) ஓர் அட்டையையும் பக்கத்தில் சாய்த்த அளவுகோலையும் நிறுத்துங்கள். அட்டையில் ஃபோகஸ் செய்து, அளவுகோலில் எந்தக் கோடு கூர்மை என்று பார்த்து, கேமராவின் நுண்திருத்த எண்ணை மாற்றுங்கள். கண்ணாடி இல்லாமல் ஃபோகஸைப் படச் சென்சாரிலேயே அளக்கும் மிரர்லெஸ் கேமராவில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை.

பிறரிடம் கருத்துக் கேட்பவர்கள் வெட்டி, கூர்மையேற்றி, புள்ளி நீக்கிய படத்தை மட்டும் காட்டினால், பார்ப்பவர் பிழையின் தடயத்தைத் தேடித்தான் அலைய வேண்டும். முழுச் சட்டம், கண் பகுதியின் 100 சதவீதத் துண்டு, ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, திருத்த அளவு, ஃபோகஸ் புள்ளி விழுந்த இடம், பறவையின் தூரம், எடுத்த நேரம் இவ்வளவும் சேர்த்துக் கொடுங்கள். அதே தொடரில் தெளிவாக வந்த ஒரு படமும் கூட இருந்தால், கை ஆடியதா காற்று ஆடியதா என்பது இரண்டையும் அருகருகே வைத்தவுடன் தெரிந்துவிடும்.