போதம் கெடுவதும் போதத்துக்கு எட்டாததும்

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைப் பகுதியில் வசிப்பவர்கள் பெரிய வைத்தியம் என்றால் நாகர்கோவிலுக்குப் போவதைப் போலவே திருவனந்தபுரத்துக்கும் போவார்கள். திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் சித்தியை அங்கே ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். "எழுந்து நின்னாலே மயக்கமா வருது" என்று அவர் சொன்னதும், இரவில் சரியாக உறங்கவில்லையா என்று செவிலியர் மலையாளத்தில் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மலையாளத்தில் மயக்கம் என்பது கண் சொக்கும் அரைத்தூக்கம். தலை சுற்றினால் அது தலகறக்கம். அறிவு தப்பி விழுந்தால் 'போதம் போயி'. எல்லைக்கு இந்தப்பக்கம் எங்கள் ஊர்த் தமிழிலும் போதம் கெட்டு விழுந்தான் என்றுதான் பேச்சு.

ஒரே சொல் எல்லை தாண்டியதும் பொருள் மாறுவது மொழியின் விளையாட்டு மட்டுமல்ல. போதமின்மை என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் உண்மையிலேயே வெவ்வேறு உடல்நிலைகள் அடங்கியிருக்கின்றன.

சித்திக்கு நேர்ந்தது அவற்றில் மிக எளியது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நேரத்தில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதைச் சேமித்து வைக்க மூளையில் இடமில்லை. ஆகவே படுத்திருந்தவர் சட்டென்று எழும்போது இரத்தம் கால்களில் தேங்கி அழுத்தம் இறங்கினாலும், அச்சத்தாலோ வலியாலோ வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைக் குறைத்தாலும், மூளைக்குப் போகும் இரத்தம் ஆறு முதல் பத்து நொடி தடைபட்டாலே போதம் போய்விடும். விழுவதே இதற்கு வைத்தியமாகவும் அமைகிறது: உடல் கிடைமட்டமானதும் இரத்தம் மீண்டும் மூளையை எட்டுகிறது. விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்துச் சோடாவை வாயில் ஊற்றும் கூட்டம், உடல் தானே செய்துகொண்ட வைத்தியத்தைக் கெடுக்கிறது. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் இப்படித்தான். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமே அடங்கிவிடும், பெயர் இரும்புக்குப் போய்விடும்.

மூளையை விழிப்பில் வைத்திருப்பது எது என்பதை 1949இல் மொருஸ்ஸி, மகூன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். லேசான மயக்க மருந்தில் இருந்த பூனையின் மூளைத்தண்டில் உள்ள வலைப்பின்னல் போன்ற நரம்புத்திரளை மின்சாரத்தால் தூண்டியதும், உறக்கத்துக்குரிய மெதுவான மின்னலைகள் மறைந்து விழிப்புக்குரிய விரைவான அலைகள் தோன்றின. அத்திரளில் சிறு சேதம் ஏற்பட்டாலும் ஆழ்ந்த மயக்கநிலை வரலாம். மேலே உள்ள பெருமூளையிலோ, ஒரு பகுதி முழுதாகப் பழுதானாலும் போதம் பெரும்பாலும் தங்கிவிடுகிறது.

இருந்தாலும் போதம் என்பது விளக்கைப் போட்டு அணைப்பதைப் போன்றதன்று. 1974இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த அளவுகோல், கண் திறத்தல், பேச்சு, உடலசைவு மூன்றுக்கும் மதிப்பெண் இட்டு 3 முதல் 15 வரை போதத்தை அளக்கிறது. அந்த அளவுகோலும் வெளியே தெரிவதைத்தான் அளக்க முடியும். 2006இல் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்துக்குப்பின் ஐந்து மாதங்களாகப் போதத்தின் எந்த அறிகுறியும் காட்டாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை மூளைப்படக் கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்களுக்குத் தூண்டப்படும் அதே பகுதி அவருக்கும் தூண்டப்பட்டது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நினைவு என்ற சொல்லை ஞாபகத்துக்கும் போதத்துக்கும் சேர்த்தே பயன்படுத்துகிறோம்; 'நினைவில்லாமல் கிடக்கிறார்' என்றால் மயங்கிக் கிடக்கிறார் என்றே பொருள். ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கரை இந்தச் சொல்லால் விவரிக்கப் போனால் தடுமாற வேண்டியிருக்கும். வலிப்புக்காக 1953இல் அவருடைய மூளையின் இருபுறமும், புதிய ஞாபகங்களைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கணிசமான பங்கு அகற்றப்பட்டது. அதன்பின் அவர் விழிப்பாக இருந்தார், நயமாகப் பேசினார், ஆனால் புதிதாகச் சந்தித்தவரைச் சில நிமிடங்களில் மறந்தார். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தை வரையும் பயிற்சியைக் கொடுத்தார். மூன்று நாளில் கை நன்றாகத் தேறியது. முன்பு இதைச் செய்த ஞாபகம் மட்டும் அவருக்கு ஒருநாளும் வரவில்லை.

இங்கே போதமின்மைக்கு முற்றிலும் வேறொரு பொருள் வந்துவிடுகிறது. ஆள் விழித்திருக்கிறார், அவருக்குள் நடக்கும் வேலைதான் அவருடைய போதத்துக்கு எட்டவில்லை. இதற்கு நோய் தேவையில்லை. சித்தி இப்போது மீன்காரரிடம் மலையாளத்தில் பேரம் பேசிவிட்டு, திரும்பி என்னிடம் நெல்லைத் தமிழில் விலையைச் சொல்கிறார். எந்தச் சொல்லில் மொழியை மாற்றினார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

பார்வையே இப்படிப்பட்ட அறியாத ஊகத்தால் அமைகிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கூறினார். உளப்பகுப்பாய்வை நிறுவிய பிராய்டு 'அறியாத' என்ற அந்தச் சொல்லைத் தம் பக்கம் இழுத்து, மனம் தனக்கே மறைத்து அழுத்திவைத்த ஆசைகளின் இடமாக்கினார். தமிழில் நனவிலி என்றால் பெரும்பாலும் அவருடைய பொருளே நினைவுக்கு வருகிறது. ஆய்வுக்கூடங்கள் இன்று பேசுவது ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு நெருக்கமான, மர்மமற்ற அன்றாட வேலையைத்தான். 'ஆழ்மன சக்தி' என்று விற்கப்படுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதற்கு மிகத் துலக்கமான சான்று உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸ் 1970களில் ஆராய்ந்த ஒரு நோயாளி. மூளையின் பார்வைப் பகுதியில் ஒருபக்கம் அகற்றப்பட்டதால் அவருக்கு இடப்புறம் எதுவும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் ஒளிப்புள்ளியைக் காட்டி, சும்மா ஊகித்தாவது சுட்டிக்காட்டுங்கள் என்று சொன்னபோது அவருடைய கை ஏறத்தாழச் சரியான இடத்துக்கே போயிற்று. எத்தனை முறை சரியாகச் சுட்டினார் என்று ஆய்வாளர்கள் பிறகு அவரிடம் சொன்னபோது, தாம் எதையும் பார்க்கவில்லை, வெறுமனே ஊகித்ததாகவே அவர் வியப்போடு சொன்னார்.