ஆட்சியாளர் செய்த பாவத்தில் நமக்குப் பங்கு உண்டா?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, புதுநகரம் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் பயான் (மார்க்க உரை) செய்கிறேன். தேர்தல் முடிந்தால் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "ஹஜ்ரத், நாங்க ஓட்டுப் போட்ட ஆளு அநியாயம் பண்ணினா அந்தப் பாவம் எங்களுக்கும் உண்டா?" கூடவே ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுவார்கள். "நீங்கள் எப்படியோ, உங்கள் ஆட்சியாளரும் அப்படியே" என்று நபிமொழியாகப் போட்டிருக்கும். ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்கள் பலவீனமானது என்று ஒதுக்கிய அறிவிப்பு அது. அதை வைத்து ஓர் ஊரையே குற்றவாளி ஆக்கக் கூடாது.

ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்கிறது குர்ஆன் (6:164). அநியாயம் செய்தவர்களோடு நின்றுவிடாத சோதனையை அஞ்சுங்கள் என்றும் அதுவே சொல்கிறது (8:25). இரண்டையும் சேர்த்துப் புரியவைப்பது புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் நபித்தோழர் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ்: ஒரு சமூகத்தின் மீது வேதனை இறங்கினால் அங்குள்ள எல்லோரையும் தாக்கும், பிறகு அவரவர் செயலுக்கேற்ப எழுப்பப்படுவார்கள். துன்பம் பொதுவில் வரலாம், விசாரணை தனித்தனிதான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓர் அரசின் கொடுமைக்காக அந்த நாட்டுக் குடிமக்களைத் தாக்கலாம் என்று இணையத்தில் சிலர் இளைஞர்களுக்கு ஓதுகிறார்கள். வேதனை இறக்குவது அல்லாஹ்வின் அதிகாரம், மனிதன் கைக்கு அது வரவே வராது. போரில்கூடப் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது என்று தடுத்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். உங்கள் பிள்ளையின் போனில் இப்படிப்பட்ட பேச்சைக் கண்டால் அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள்.

அப்புறம், "நாம தொழுறோம், நோன்பு வைக்கிறோம், நமக்கென்ன" என்று ஒதுங்குகிறவர்கள். நீங்கள் நேர்வழியில் இருந்தால் வழிதவறியவரால் உங்களுக்குத் தீங்கில்லை என்ற குர்ஆன் வசனத்தை (5:105) ஓதிக்கொண்டு இப்படி ஒதுங்கியவர்களை முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் கண்டித்தார்கள். அநியாயக்காரனைக் கண்டும் கையைப் பிடித்துத் தடுக்காவிட்டால் தண்டனை எல்லோரையும் சூழ்ந்துவிடலாம் என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ என்ற நபிமொழித் தொகுப்புகளில் இது இருக்கிறது.

கையைப் பிடிக்க நமக்கு வழி இருக்கிறது. கேரளத்தில் கிராம சபை 3 மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வர வேண்டும். நம் ஆட்கள் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பயனாளிகள் பட்டியல் வாசிக்கும் வரை இருங்கள். தகுதியில்லாத பெயர் வந்தால் எழுந்து கேளுங்கள். மலையாளம் தடுமாறினால் தமிழிலேயே கேளுங்கள், இங்கே எல்லோருக்கும் புரியும்.

சரி, வாய் திறந்தால் பிழைப்பே போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்? முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் நபியின் மனைவி உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸின்படி, தலைவர்களின் தீமையை வெறுத்தவர் பாவத்திலிருந்து நீங்கிக்கொண்டார், மறுத்தவர் தப்பினார். அதைப் பொருந்திக்கொண்டு பின்பற்றியவர்தான் மாட்டிக்கொண்டார். தடுக்க முடியாதவர் வாய்மூடி இருந்ததாலேயே பாவி ஆகமாட்டார் என்று அந்தத் தொகுப்புக்கு விளக்கவுரை எழுதிய இமாம் நவவி சொல்கிறார்கள். கூலி வேலையில் பிள்ளைகளைக் காப்பாற்றும் ஒரு தாய்க்கு அது பெரிய ஆறுதல்.

மேலதிகாரி சொன்னார் என்று பொய் பில்லில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மனசால வெறுக்கிறேன் ஹஜ்ரத்" என்று சொல்லும் அரசு ஊழியருக்கு அந்த ஆறுதலை என்னால் தர முடியாது. கையெழுத்து வெறும் மௌனம் ஆகாது, அது உடந்தை. ஆட்சேபத்தைக் கோப்பிலேயே எழுதி வையுங்கள், இடமாற்றம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்லிவருகிறேன்.