தடைப்பட்டியல்

எரிதம் (ஸ்பேம்), அதாவது கேட்காமலே மொத்தமாக வரும் வேண்டாத மின்னஞ்சல், அனுப்பும் கணினிகளின் ஐ.பி. முகவரிகளைத் தொகுத்து வைத்து, மின்னஞ்சல் வழங்கிகள் (சர்வர்கள்) கேட்கும்போதெல்லாம் 'இந்த முகவரி உண்டு' அல்லது 'இல்லை' என்று களப்பெயர்களுக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டி.என்.எஸ். என்ற இணைய அமைப்பின் வழியாக விடை சொல்லும் தரவுத்தளமே தடைப்பட்டியல்.

இவ்வகையில் முன்னோடியானது, 1997இல் கணினிப் பொறியாளர் பால் விக்சி தொடங்கிய மேப்ஸ் அமைப்பின் 'ஆர்.பி.எல்.' ஆகும். இதிலுள்ள 'பி' கறுப்புப் பட்டியலைக் குறிப்பதாகப் பலர் கருதினாலும், அது உண்மையில் 'பிளாக்ஹோல்', அதாவது போன தரவு திரும்பாத கருந்துளை. 'மேப்ஸ்' என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'ஸ்பேம்' என்று வரும்.

இன்று கறுப்பைக் குறிக்கும் சொல்லை விடுத்து, தடுப்பைக் குறிக்கும் சொல்லையே ஆங்கிலத்திலும் விரும்புகிறார்கள். தமிழ் எழுத்தில் இரண்டுமே 'பிளாக்லிஸ்ட்' என்றாகிவிடுவதால், ஒலிபெயர்ப்பு நமக்கு உதவாது. 'கறுப்புப் பட்டியல்' என்பதோ குற்றம் செய்து ஒப்பந்தம் இழந்த நிறுவனத்தை நினைவூட்டுகிறது. ஆனால் எந்தத் தவறும் செய்யாத வீட்டு இணைய இணைப்புகளின் முகவரிகளையும், அவை நேரடியாக அஞ்சல் அனுப்பத் தேவையில்லை என்பதற்காகவே, எரிதத்தைக் கண்காணிக்கும் அமைப்பான ஸ்பேம்ஹாஸின் ஒரு பட்டியல் சேர்த்து வைத்திருக்கிறது. எடு, விடு என்பவற்றிலிருந்து எடை, விடை பிறந்தது போலத் தடு என்பதிலிருந்து பிறந்த 'தடை', பழி சுமத்தாமல் செயலை மட்டும் சொல்கிறது. எனவே தடைப்பட்டியல் என்பதே பொருத்தம்.

'பட்டியல்' என்ற பகுதியில்தான் ஓர் இடர் இருக்கிறது. அச்சடித்த பட்டியல் பழையதானால் பயனற்றுப் போகும், அவ்வளவே. இதுவோ ஒவ்வோர் அஞ்சலுக்கும் வெளியே போய்க் கேட்கும் கேள்வி. 192.0.2.99 என்ற முகவரியிலிருந்து அஞ்சல் வந்தால், வழங்கி அதை 99.2.0.192 என்று திருப்பி, பட்டியலின் களப்பெயரைப் பின்னால் சேர்த்துக் கேட்கும், 127.0.0.2 போன்ற விடை வந்தால் அஞ்சலை மறுக்கும். 2006 டிசம்பரில் மூடப்பட்ட ஓ.ஆர்.டி.பி. பட்டியலிடம் அதன் பிறகும் கேள்விகள் ஓயாததால், 2008 மார்ச்சில் அது எல்லா முகவரிகளுக்கும் 'உண்டு' என்றே விடை தரத் தொடங்கியது. தம் அமைவுக் கோப்பில் அந்தப் பட்டியலைக் குறிப்பிடும் ஒற்றை வரியை நீக்காதிருந்த வழங்கிகள் நல்ல அஞ்சல்களையும் திருப்பி அனுப்பின.

ஆகவே, பட்டியலுக்குள் காலம் கடந்து தங்கிவிட்ட முகவரியைக் 'காலாவதியான பதிவு' என்றும், நடத்துநர் விட்டுச்சென்ற பட்டியலைக் 'கைவிடப்பட்ட தடைப்பட்டியல்' என்றும் பிரித்துச் சொல்வது நல்லது. முன்னதை நீக்கும்படி நடத்துநரிடம் கோரலாம். பின்னதை நம் அமைவுக் கோப்பிலிருந்து நாமே அழித்தாக வேண்டும். 2010இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5782 என்ற இணைய நுட்ப ஆவணம் இதற்கு எளிய சோதனை தருகிறது: ஐ.பி. முகவரிப் பட்டியலில் 127.0.0.2 இருந்தாக வேண்டும், 127.0.0.1 இருக்கவே கூடாது. இரண்டாவதற்கும் 'உண்டு' என்று விடை வந்தால், அன்றே அந்த வரியை அழித்துவிட வேண்டும்.