கழுத்துக் கருமைக்கும் சென்ட் பாட்டிலுக்கும் என்ன சம்பந்தம்?

குன்னூரில் தோல் மருத்துவராக இருக்கும் எனக்கு, கழுத்தும் தாடையோரமும் கறுத்துப்போய் வருபவர்களைப் பார்ப்பது வாடிக்கையான வேலை. "மங்கு வந்திருக்கு டாக்டர்" என்று நோயின் பெயரையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பலருக்கு அது மங்குதான். சிலருக்கு மட்டும் நிறம் வேறு மாதிரி இருக்கும். பழுப்போடு சாம்பல் கலந்து, காதுக்குக் கீழே, கழுத்தின் இரு பக்கமும் படர்ந்திருக்கும். மங்கு பெரும்பாலும் கன்னம், நெற்றி, மேலுதடு என்று முகத்தில் நிற்கும். சென்ட் அலர்ஜியாலும் கழுத்துப் பக்கம் இப்படிக் கறுக்கும் என்பதால் நான் முதலில் கேட்பது, "என்ன சென்ட் போடுறீங்க?"

"நல்ல சென்ட்தான் டாக்டர், ஃபாரின். தம்பி துபாயிலிருந்து கொண்டு வந்தான்" என்று பதில் வரும். கூடவே விலையும் வரும். அவ்வளவு விலை கொடுத்த பொருள் தோலைக் கெடுக்காது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ட் என்பது ஆல்கஹாலில் கரைத்த வாசனை எண்ணெய்க் கலவை. கொலோன் வகையில் அந்த எண்ணெய் சுமார் 2 முதல் 4 சதவீதம். ஓ டி பர்ஃபம் வகையில் 15 முதல் 20 சதவீதம். 'பர்ஃபம்' என்று மட்டும் போட்டு விற்கும் உயர்ரகத்தில் அதற்கும் மேல். விலை கூடும்போது பெரும்பாலும் எண்ணெயின் அளவும் கூடுகிறது. அலர்ஜியைத் தூண்டும் பொருள் இருந்தால் அதுவும் கூடவே அதிகமாகத் தோலில் படுகிறது. மலிவான சென்ட் பாதுகாப்பானது என்று இதற்கு அர்த்தமில்லை. அதில் என்ன இருக்கிறது என்பது இன்னும் இருட்டு.

"இயற்கையானது" என்ற வாசகமும் காப்பாற்றாது. சத்தியமங்கலத்து மல்லிகையிலிருந்து எடுக்கும் சாறு ஒரே பொருள் அல்ல, பல வேதிப்பொருட்களின் கூட்டு. ஊட்டிக் கடைகளில் யூக்கலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் எலுமிச்சைப்புல் தைலத்தில் முக்கால் பங்கு சிட்ரால் என்ற வேதிப்பொருள்தான். பர்லியார் பண்ணையில் விளையும் கிராம்பின் மணம் யூஜெனால். ஜெரேனியத்தில் ஜெரானியால். இவை எல்லாமே அலர்ஜியைத் தூண்டக்கூடியவை என்று நன்றாக அறியப்பட்டவை. செடியிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று தோல் பார்ப்பதில்லை. லாவெண்டரில் உள்ள லினலூலும் ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீனும் புதிதாக இருக்கும்போது அவ்வளவு தொல்லை தருவதில்லை. காற்றுப் பட்டுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்த பிறகுதான் வலுவான அலர்ஜிப் பொருட்களாக மாறுகின்றன. விசேஷத்துக்கு மட்டும் என்று எடுத்துவைத்து, பாதி காலியான பாட்டிலை வருஷக்கணக்கில் பீரோவில் வைத்திருப்பது அதனால்தான் நல்லதல்ல.

இனி பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஆல்கஹால், தண்ணீர், அப்புறம் 'பர்ஃபம்' அல்லது 'ஃப்ரேக்ரன்ஸ்'. அந்த மூன்றாவது பெயருக்குள் பத்துப் பொருளும் இருக்கலாம், நூறும் இருக்கலாம். கலவை வியாபார ரகசியம் என்பதால் சட்டமும் இதை அனுமதிக்கிறது. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் பொருட்பட்டியலைக் கேட்கின்றன. ஆனால் 60 மில்லிக்குக் குறைவான திரவப் பொதிகளுக்கு அது கட்டாயமில்லை. 30, 50 மில்லி பாட்டில்கள் எல்லாம் இந்த விலக்குக்குள் வந்துவிடுகின்றன.

ஐரோப்பாவில் நிலைமை கொஞ்சம் மேல். அங்கே 2005 முதல் 26 வாசனைப் பொருட்களை, கழுவாமல் தோலில் தங்கும் தயாரிப்பில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால், பெயர் சொல்லிப் போட வேண்டும். 2023இல் வந்த புதிய விதி அந்தப் பட்டியலை 80க்கும் மேலாக விரித்திருக்கிறது. புதிதாகச் சந்தைக்கு வரும் பொருட்களுக்கு 2026 ஜூலை 31 முதலும், ஏற்கனவே விற்பனையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31 முதலும் அது பொருந்தும். வெளிநாட்டு சென்ட் பெட்டியில் லினலூல், கூமரின், சின்னமால் என்று பொடி எழுத்தில் இருக்கும் வரிசை இந்தச் சட்டத்தால் வந்தது. அதைப் பார்த்துப் பயந்து, பட்டியலே இல்லாத பாட்டிலை வாங்குகிறவர்கள் உண்டு. உண்மையில் பெயர் போட்டவர்தான் உங்களுக்கு உதவியிருக்கிறார்.

சட்டப்படி விற்பதெல்லாம் சரி என்றும் இருந்துவிட முடியாது. லைரால் என்ற வாசனைப் பொருள் எத்தனையோ சென்ட்களில் இருந்தது. பலருக்கு அலர்ஜி உண்டாக்குகிறது என்பது உறுதியாகி, 2021 ஆகஸ்டுக்குப் பிறகு ஐரோப்பியக் கடைகளில் அதைச் சேர்த்த எதையும் விற்கக்கூடாது என்றானது. லிலியால் என்ற இன்னொன்று இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டு 2022 மார்ச் 1 முதல் தடையானது. அதுவரை இரண்டும் முறைப்படி விற்கப்பட்டவைதான். பழைய பாட்டில் உங்களிடம் இருந்தால், லிலியால் 'பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரோபியோனல்' என்ற நீண்ட பெயரில் பட்டியலில் இருக்கும்.

"பல வருஷமா இதே சென்ட்தான், ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த வகை அலர்ஜி முதல் நாளே வர வேண்டியதில்லை. உடல் அந்தப் பொருளை எதிரியாக அடையாளம் காண எத்தனையோ வருஷம் ஆகலாம். ஒருமுறை கண்டுவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. சென்ட் போட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பு வரும் என்பதால் நேற்றுச் சாப்பிட்ட மீன் மீது பழி போகும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிவப்போ அரிப்போ பெரிதாக இல்லாமலே நேராகக் கருமையாக முடிவதும் உண்டு. ஹேர் டை, குங்குமம், முகம் வெளுக்கும் கிரீம் இவற்றாலும் இப்படி வரும். கருமை போக என்று மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த கிரீமைக் கேட்டு வாங்கிப் பூசி, புண்ணும் பருவுமாக வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது.

மலைப்பகுதிக்கென்று இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. குளிர் இருப்பதால் வெயில் உறைப்பது தெரிவதில்லை. பெர்கமாட் போன்ற எலுமிச்சை இனத்து எண்ணெய்களில் உள்ள சில பொருட்கள் கழுத்தில் இருக்கும்போது வெயில் பட்டால் அந்த இடம் ஒழுகிய கோடு போலக் கறுக்கும். இரண்டாவது, நம் மப்ளரும் ஸ்வெட்டரும். கழுத்தில் அடிக்கும் சென்ட் கம்பளியில் ஊறி வாரக்கணக்கில் தங்குகிறது. சென்டை நிறுத்திய பிறகும் குணமாகாதவர்களிடம் மப்ளரை எப்போது துவைத்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம்.

கண்டுபிடிக்க வழி, பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருட்களைச் சிறு ஒட்டுகளாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் விட்டு மறுபடியும் பார்ப்போம். அதுவரை முதுகு நனையக்கூடாது. மேட்டுப்பாளையத்து வேர்வையில் ஒட்டு கழன்றுவிடும். இங்கே அந்தத் தொல்லை குறைவு. சிக்கல் வேறு இடத்தில். வழக்கமான சோதனைத் தொகுப்பில் இருப்பது சில வாசனைப் பொருட்கள் மட்டுமே. உங்கள் சென்டில் இருப்பது அதில் இல்லையென்றால் முடிவு 'ஒன்றுமில்லை' என்றே வரும். இந்த அலர்ஜியை அடியோடு போக்க மருந்தில்லை, விலக்குவது ஒன்றே வழி. பெயர் தெரியாத ஒன்றை எப்படி விலக்கச் சொல்வேன்? அதே பொருள் சோப்பிலும் ஷாம்பூவிலும் துணி கண்டிஷனரிலும் வேறு பெட்டிக்குள் இருக்கும்.

சென்ட்டே கூடாது என்று நான் சொல்வதில்லை. புதியதை வாங்கினால் முழங்கை மடிப்புக்குக் கீழே ஒரே இடத்தில் தினம் இருவேளை, ஒன்றிரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். கழுத்தில் அடிக்காமல், துவைக்கக்கூடிய துணியில் அடியுங்கள். கைக்குழந்தையைத் தூக்கும் தோளில் வேண்டாம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், குளிருக்குச் சன்னலைச் சாத்திய அறையில் அடிக்கவே வேண்டாம்.

அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். பட்டியல் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பாட்டிலின் அடியில் இருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்ணோடு (batch no.) சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். தோலில் மாற்றம் தெரிந்தால் அந்தப் பெட்டியையும் சென்டையும், வீட்டில் உபயோகிக்கும் சோப்பு, கிரீம், ஹேர் டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். கம்பெனிக்கும் எழுதிக் கேட்கலாம். மருத்துவர் கேட்டால் சோதனைக்காகப் பொருட்களைத் தனித்தனியாக அனுப்பும் கம்பெனிகள் உண்டு, பதிலே போடாதவையும் உண்டு. பதில் போடாத கம்பெனியின் சென்டை இனி வாங்காதீர்கள் என்றுதான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன்.