ஹாட் சாக்லேட்டில் புரதம்: டப்பாவை விட்டுப் பாலிலிருந்து தொடங்குங்கள்

"புரதம் நிறைந்தது" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட சாக்லேட் பானப் பொடி டப்பாவை மேசைமேல் வைத்து, "இதை அம்மாவுக்குத் தினமும் கலக்கிக் கொடுக்கலாமா மேடம்?" என்று கேட்பவர்கள் என் ஆலோசனை அறைக்கு அடிக்கடி வருகிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளை அவர்களையே வாசிக்கச் சொல்வேன். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வரும். பல பானப் பொடிகளில் அந்த முதல் இடம் சர்க்கரைக்குத்தான். மொத்த எடையில் பாதியைத் தாண்டுவதும் உண்டு. அதன் பிறகு, "ஒரு கோப்பைக்கு இத்தனை கிராம் புரதம்" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். இருந்தால், கீழே எங்காவது "200 மில்லி பாலில் கலக்கும்போது" என்று போட்டிருப்பார்கள். 200 மில்லி பசும்பாலில் மட்டுமே ஏறக்குறைய 6.5 முதல் 7 கிராம் புரதம் இருக்கிறது. பால் உங்கள் வீட்டுப் பால்; பெயர் மட்டும் டப்பாவுக்கு.

அதனால் என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஹாட் சாக்லேட் நல்ல யோசனை, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதை வீட்டில் நீங்களே செய்யுங்கள், புரதத்தைக் கிராம் கணக்கில் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு விலையுயர்ந்த பொடி எதுவும் தேவையில்லை.

இது யாருக்கு உண்மையிலேயே உதவும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான வயது வந்தவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து வகுத்த அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 50 கிராம். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுபவருக்கு அது உணவிலேயே கிடைத்துவிடும். அவருக்கு இந்தக் கோப்பை ஒரு நல்ல சிற்றுண்டி, அவ்வளவே. வயதானவர்களின் கதை வேறு. தசை தானாகவே கரையத் தொடங்கும் வயதில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். அதே வயதில்தான் பசி குறைகிறது, பல் ஒத்துழைக்க மறுக்கிறது, சுவை மங்குகிறது. தேவை ஏறும்போது சாப்பாடு இறங்குகிறது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள், நீண்ட காய்ச்சலில் இளைத்தவர்கள், மெல்லவோ விழுங்கவோ சிரமப்படுபவர்கள் எல்லோருக்கும் இதே நிலைமைதான். "சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள்" என்று தட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள், கையில் சூடான ஒரு கோப்பை சாக்லேட் கொடுத்தால் பேசிக்கொண்டே குடித்து முடித்துவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவர்கள் அவர்கள்தான்.

சரி, புரதம் எங்கிருந்து வருகிறது? கோகோவிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர் 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் என்று அட்டவணைகள் காட்டுவது உண்மைதான். ஆனால் ஒரு கோப்பைக்கு நாம் போடுவது ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஐந்தாறு கிராம். அதில் ஒரு கிராம் புரதம் தேறினால் பெரிது. அந்த ஒரு கிராமும் முழுதாக உடலில் சேர்வதில்லை, ஏனென்றால் கோகோவின் புரதம் எளிதில் செரிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. உணவிலுள்ள புரதத்தை வழக்கமாக அளப்பது அதிலுள்ள நைட்ரஜனை வைத்து. கோகோவில் இருக்கும் தியோபுரோமின், கஃபீன் ஆகியவற்றிலும் நைட்ரஜன் இருப்பதால் அவையும் அந்தக் கணக்கில் நுழைந்துவிடக்கூடும். கோகோவை மணத்துக்கும் சுவைக்கும் போடுங்கள். புரதக் கணக்கில் அதை விட்டுவிடுங்கள்.

புரதத்தைத் தருவது பால். அதை இன்னும் செறிவாக்க மிக எளிய, மலிவான வழி கொழுப்பு நீக்கிய பால் பவுடர். அதில் 100 கிராமுக்குச் சுமார் 35 கிராம் புரதம் உண்டு. பாலோடு ஒரே இனம் என்பதால் சுவை மாறாது, கொதித்தாலும் திரியாது, பானமும் நன்றாகக் கெட்டிப்படும். 250 மில்லி பாலில் 8 கிராம், 15 கிராம் பால் பவுடரில் 5 கிராம், கோகோவுக்கு ஒன்று என்று தாராளமாகவே வைத்தாலும், ஒரு கோப்பையில் 14 கிராம். இரண்டு முட்டையில் கிடைப்பதைவிடச் சற்று அதிகம். தசைக்குத் தேவையான எல்லா அமினோ அமிலங்களும் அடங்கிய முழுமையான புரதம் அது.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சோயா பாலைத் தேர்ந்தெடுக்கலாம். இனிப்பு சேர்க்காத சோயா பால் 250 மில்லியில் 7, 8 கிராம் புரதம் இருக்கும். கடையில் எளிதில் கிடைக்கும் தாவரப் பால்களில் பசும்பாலுக்கு ஈடு சொல்லக்கூடியது பெரும்பாலும் அதுதான். கடையில் விற்கும் பாதாம் பாலில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கோப்பையில் ஒன்று, ஒன்றரை கிராம் புரதம் இருந்தால் அதிகம். அரிசிப் பாலிலும், கடையில் பெட்டியில் விற்கும் தேங்காய்ப் பால் பானத்திலும் அதைவிடக் குறைவு. "பாதாம் பாலில்தானே செய்கிறோம், சத்துதானே" என்று நினைத்து நோயாளிக்கு மாதக்கணக்கில் கொடுத்துவரும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். பாதாம் பால்தான் பிடிக்கும் என்றால் ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயைச் சேர்த்து அடியுங்கள். அதில் மட்டும் 4 கிராம் கிடைக்கும், சாக்லேட்டோடு சுவையும் பொருந்தும்.

இனி செய்முறை. கோகோ பவுடரில் கொழுப்பு இருப்பதால் அது தண்ணீரோடு எளிதில் சேராது. நேராகப் பாலில் கொட்டினால் மேலே உருண்டை உருண்டையாக மிதக்கும். ஒரு மேசைக்கரண்டி கோகோ, இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, வேண்டுமானால் ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஆகியவற்றை உலர்ந்த பாத்திரத்தில் முதலில் கலந்துகொள்ளுங்கள். அதில் இரண்டு மூன்று கரண்டி பாலை விட்டு, கட்டியில்லாத பசையாகும் வரை குழையுங்கள். பிறகு மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மிதமான தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் குமிழி வந்த பிறகு தீயைக் குறைத்து ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். கோகோவில் இருக்கும் சிறிதளவு மாவுச்சத்து அப்போதுதான் வெந்து பானத்துக்கு உடம்பு தரும்; பச்சை வாடையும் போகும். அடிபிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பால் பவுடர் சேர்த்த பால் சீக்கிரம் அடிபிடிக்கும். மேலே படியும் ஏட்டை எடுத்து எறிய வேண்டாம். அதிலும் புரதம்தான் இருக்கிறது. நன்றாக அடித்தால் கலந்துவிடும். உப்பைத் தவிர்க்காதீர்கள். அந்த ஒரு சிட்டிகை கோகோவின் கசப்பைத் தணிப்பதால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்க முடிகிறது.

புரோட்டீன் பவுடர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, அதைச் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேர்க்கலாம், ஆனால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பெரும்பாலான புரோட்டீன் பவுடர்களில் இருப்பது வே புரதம், அதாவது பால் திரியும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுக்கும் புரதம். அது 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சூடு பட்ட முட்டை வெள்ளைக்கரு போல இறுகும். கொதிக்கும் பாலில் ஒரு கரண்டி பவுடரைப் போட்டால் மணல் மணலாகத் திரிந்து நிற்பதற்குக் காரணம் இது. சத்து கெட்டுவிட்டது என்று பயந்து அதைக் கீழே ஊற்றுகிறார்கள். சத்து எங்கும் போகவில்லை. வயிற்றுக்குள் போனால் அமிலம் செய்யும் வேலையின் ஒரு பகுதியைத்தான் சூடு முன்கூட்டியே செய்திருக்கிறது. வாய்க்குத்தான் பிடிக்காது. பவுடரைக் கால் கோப்பை ஆறிய பாலில் தனியாகக் கரைத்து வையுங்கள். சாக்லேட்டை அடுப்பிலிருந்து இறக்கி, சுட்டுக்கொள்ளாமல் ஒரு மிடறு குடிக்கும் பதம் வரும்வரை ஆறவிட்டு, பிறகு கரைசலை மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 60 டிகிரி.

இந்தப் பதம் தொண்டைக்கும் நல்லது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கப் பானங்களைக் குடிக்கும் பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. முதியவர்களுக்கு வாயில் சூடு உறைப்பது குறைவு என்பதால் அவர்களுக்குக் கொடுக்கும்போது நீங்களே சோதித்துப் பாருங்கள்.

ஷேக்கர் பாட்டிலில் சூடான பாலை ஊற்றி மூடிக் குலுக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும், முகத்திலும் கையிலும் கொப்புளம் போடும். மிக்ஸியிலும் அப்படித்தான்.

விலங்குகளின் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் கொலாஜன் பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை. சூட்டில் அழகாகக் கரைகிறது, கட்டி தட்டுவதில்லை, அதனால் சூடான பானங்களுக்கு அதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். டப்பாவிலும் புரத எண் பெரிதாக இருக்கும். ஆனால் உடல் தானே தயாரிக்க முடியாத டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் அதில் அறவே இல்லை. தசைக்காகப் புரதம் தேடுபவர் அதை முழுப் புரதமாக எண்ணிப் பாலைக் கைவிடக் கூடாது. பச்சை முட்டையை அடித்து ஊற்றுவதும் வேண்டாம். நோயிலிருந்து தேறுபவருக்கு சால்மோனெல்லா தொற்று ஏற்பட்டால் பெரிய ஆபத்து.

நீரிழிவு உள்ளவர்கள் "சர்க்கரையே போடவில்லை" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 250 மில்லி பாலில் பாலின் இயற்கைச் சர்க்கரையான லாக்டோஸ் 12 கிராம், பால் பவுடரில் இன்னொரு 7, 8 கிராம். ஆக ஏறக்குறைய 20 கிராம் கார்போஹைட்ரேட் அந்தக் கோப்பையில் இருக்கிறது. குடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை அன்றைய உணவுக் கணக்கில் சேர்த்து, உடன் வரும் பிஸ்கட்டை விட்டுவிடுங்கள் என்கிறேன். இவர்களுக்குப் பால் பவுடருக்குப் பதிலாக வே ஐசொலேட், அதாவது லாக்டோஸைப் பெரும்பாலும் நீக்கிய வே பவுடர், பொருத்தமாக இருக்கும். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களும் அதைப் பெரும்பாலும் தாங்குவார்கள். பால் புரதத்துக்கே ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் எந்த வே பவுடரையும் தொடக் கூடாது.

சிறுநீரகம் பழுதானவர்கள் இந்தக் கோப்பையைத் தானாகத் தொடங்க வேண்டாம். அவர்களுக்குப் புரத அளவே கட்டுப்பாட்டில் இருக்கும். தவிர பாலில் பாஸ்பரஸும் பொட்டாசியமும், கோகோவில் பொட்டாசியமும், சிறுநீரகக் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டும் இருக்கின்றன. சிறுநீரகக் கல் வந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் படுக்கப் போகும் முன் குடிக்க வேண்டாம். குழந்தைகளுக்கு நாள்தோறும் கொடுப்பதாக இருந்தால் கோகோவைப் பாதியாகக் குறையுங்கள். கோகோவில் மண்ணிலிருந்து ஏறும் காட்மியம் என்ற நச்சு உலோகம் கொஞ்சம் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் கோகோ பவுடருக்குக் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் என்று உச்சவரம்பே வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு கரண்டி கோகோவால் அஞ்சத் தேவையில்லை.

மாத்திரை விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. தைராய்டு மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு உடனே இதைக் குடித்தால் பாலின் கால்சியம் மருந்தை உடல் முழுதாக உறிஞ்ச விடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சோயாவுக்கும் இது பொருந்தும். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரமாவது விடுங்கள், அங்கே கால்சியத்தோடு கோகோவின் பாலிஃபீனாலும் சேர்ந்து தடுக்கும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் மருந்துக் கடையில் இடைவெளி கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிப்பார் என்று பெரிய அளவில் செய்து ஃபிளாஸ்க்கில் நாள் முழுக்க வைக்காதீர்கள். சூடான பால் 60 டிகிரிக்குக் கீழே இறங்கி ஆற ஆறக் கிருமிகள் பெருகத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவே செய்யுங்கள். மிஞ்சினால் உடனே ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் ஒரே ஒரு முறை சூடாக்கிக் கொடுங்கள். வே பவுடர் கலந்தது என்றால் சூடாக்காமல் குளிர்ச்சியாகவே கொடுத்துவிடலாம். மறுபடி சூடாக்கினால் திரியும்.